தெர்மாகோல் நடுகல்லைக் கல் மாதிரி காட்டுவது எப்படி? (குறும்படம், கிருஷ்ணகிரி)

மாந்தோப்பு | ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். விஸ்காம் கடைசி வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்குப் பன்னிரண்டு நிமிஷக் குறும்படம் எடுக்கிறோம். காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாந்தோப்பை விற்கப் போகிறார்கள். வரப்போரம் பாதி புதைந்த நடுகல் ஒன்று இருக்கிறது, அந்தக் காலத்தில் சண்டையில் விழுந்த வீரனுக்கு நட்ட கல். தாத்தா அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறார். பேரனுக்கு அது ஒரு கல், அவ்வளவுதான். கதை இது.

கல்லை நாங்களே செய்கிறோம். இரண்டு அங்குல தெர்மாகோல் ஷீட் மூன்றை ஒட்டி ஆறு அங்குலக் கனம் கொண்டுவந்தோம். ஷீட் அளவே ஒரு மீட்டருக்கு அரை மீட்டர், அதனால் கல்லும் அதே அளவு. கத்தியால் வீரன் உருவத்தைச் செதுக்கியாச்சு. நன்றாகவே வந்தது.

நேற்று சாயங்காலம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் கறுப்பு ஸ்ப்ரே அடித்தோம். பத்து நொடிகூட ஆகவில்லை, வீரனுடைய முகம் உள்ளே போய்விட்டது. சத்தம் வேறு, எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போட்ட மாதிரி மெல்லிய சரசரப்பு. மூக்கு இருந்த இடத்தில் இப்போது கட்டை விரல் நுழையும் பள்ளம்.

ஷூட்டிங்குக்குப் பத்து நாள் இருக்கிறது. கையில் 3,000 ரூபாய். கல்லுக்கு, ஒரு வாளுக்கு, ஒரு மூக்குக் கெண்டிக்கு எல்லாமே அதற்குள்தான். என்ன செய்யலாம்?

கிண்டல் மன்னன் | ஞாயிறு, இரவு 9:52

வீரன் இரண்டாம் முறை பட்டான் போல.

நம்ம ஊரில் வரப்புக்கு வரப்பு நடுகல் நிற்கிறது. நிஜக் கல்லிடம் போய் எடுக்காமல் எதுக்குய்யா தெர்மாகோல்?

மாந்தோப்பு | ஞாயிறு, இரவு 9:58

நாலு பேர் சேர்ந்து கல்லைச் சாய்க்கிற சீன் இருக்கிறது ப்ரோ. நிஜக் கல்லில் அதைச் செய்தால் ஊரில் எங்களைச் சாய்த்துவிடுவார்கள்.

போர்டு பெயிண்டர் | ஞாயிறு, இரவு 10:30

தம்பி, ஸ்ப்ரே டப்பாவில் இருக்கிறது வெறும் கலர் இல்லை. அதை நீர்க்க வைக்கிற தின்னரும் கூடவே வருகிறது. தின்னர் பட்டால் தெர்மாகோல் கரையும், சர்க்கரையில் வெந்நீர் ஊற்றின மாதிரி. மஞ்சளாக வரும் ரப்பர் பசையும் அப்படித்தான், ஃபெவிக்விக்கும் அப்படித்தான். எனாமல் பெயிண்டை டர்பன்டைனில் கலந்து அடித்தாலும் கொஞ்சம் மெதுவாக அரிக்கும். தெர்மாகோலுக்குத் தண்ணீரில் கலக்கிற சாமான்தான். வெள்ளை ஃபெவிகால், வால் புட்டி, எமல்ஷன். இந்த மூன்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

நான் தர்மபுரியில் முப்பது வருஷம் போர்டு எழுதியவன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தொழில் படுத்துவிட்டது, இப்போது கல்யாண மேடைக்கு சாமான் செய்கிறேன். அதனால் இந்த வெள்ளைச் சனியனோடு பழக்கம் அதிகம். என் முறை இது:

முதலில் பழைய பருத்தி வேட்டியை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். பாதி ஃபெவிகால், பாதி தண்ணீர். அதில் துணியை நனைத்து, பிழிந்து, கல் முழுக்க ஒட்டுங்கள். உருவம் இருக்கிற இடத்தில் துணியைப் பள்ளத்துக்குள் விரலால் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். இல்லை என்றால் வீரன் போர்வை போர்த்திய மாதிரி ஆகிவிடுவான். ஒரு நாள் காய விடுங்கள். இந்தத் துணிதான் கல்லின் தோல். இதை விட்டுவிட்டு நேராகப் புட்டி பூசினால், தூக்கும்போது தெர்மாகோல் வளையும், புட்டி வளையாது. பொரிப் பொரியாக உதிரும்.

அப்புறம் புட்டி. தண்ணீரில் மட்டும் குழைக்காமல் கொஞ்சம் ஃபெவிகாலும் விடுங்கள். மெல்லிசாக இரண்டு கோட். ஒரே கோட்டில் மொத்தமாகப் பூசி வேலையை முடிக்கலாம் என்று தோன்றும். பாளம் பாளமாக வெடிக்கும், என் பேச்சைக் கேளுங்கள்.

பெயிண்டுக்கு வெள்ளை எமல்ஷன் ஒரு லிட்டர், ஸ்டெய்னர் டியூபில் கறுப்பு ஒன்று, மஞ்சள் காவி ஒன்று, சிவப்புக் காவி ஒன்று. கலந்த பெயிண்டில் ஒரு பாட்டில் தனியாக எடுத்து மூடி வையுங்கள். மறுபடி அதே நிறம் கலக்க யாராலும் முடியாது, என்னாலும்தான்.

மூணாவது அசிஸ்டென்ட் | திங்கள், காலை 7:15

ஊர் ஊத்தங்கரை, பிழைப்பு சென்னையில். ஆர்ட் டிபார்ட்மென்டில் மூணாவது அசிஸ்டென்ட், அதாவது டீ சொல்கிற ஆள். அண்ணன் சொன்னது எல்லாம் சரி. எனக்கு ஒன்றிரண்டு இடத்தில் வேறு கருத்து.

உருகின முகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நாங்கள் பழைய சுவர், அரித்த கல் செய்ய வேண்டுமென்றால் வேண்டுமென்றே ஸ்ப்ரே தொட்டு அரிக்க விடுவோம். மழையில் அரித்த கல்லுக்கு வருகிற பொத்தல் கத்தியால் வராது. உங்களுக்குத் தானாக வந்திருக்கிறது. ஆயிரம் வருஷக் கல்லில் மூக்கு முழுசாக இருந்தால்தான் சந்தேகம் வரும். ஆனால் இனிமேல் செய்வதென்றால் திறந்த வெளியில், காற்று வருகிற பக்கம் முதுகைக் காட்டி நின்று, மாஸ்க் போட்டுச் செய்யுங்கள். அந்தப் புகை நல்லதில்லை. சூடான கம்பியால் அறுத்தாலும் இதே எச்சரிக்கை.

நிறத்துக்கு வருவோம். கல் என்றதும் எல்லோரும் அடர் சாம்பல் அடிப்பார்கள். கண்ணுக்கு நன்றாக இருக்கும், கேமராவில் கரிக்கட்டை மாதிரி ஒரே இருட்டாக விழும், செதுக்கல் ஒன்றும் தெரியாது. நடுத்தரச் சாம்பலில் ஆரம்பியுங்கள். காய்ந்ததும் எமல்ஷன் ஒரு சாயல் அடர்ந்து நிற்கும், அதையும் கணக்கில் வையுங்கள். பிறகு கறுப்பைத் தண்ணீராகக் கரைத்துப் பள்ளங்களில் ஓடவிட்டு, மேட்டில் இருப்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். அது காய்ந்த பிறகு வெளிர் சாம்பலைத் தொட்டு, பிரஷைப் பேப்பரில் தேய்த்து, கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷால் மேடுகளை மட்டும் தடவுங்கள். அந்த ஒரு தடவலில் கல் எழுந்து நிற்கும். கடைசியாகப் பழைய டூத் பிரஷில் கறுப்பு, வெள்ளை, காவி என்று தொட்டு விரலால் சுண்டித் தெளியுங்கள்.

தினமும் மொபைலில் ஒரு போட்டோ, ஷூட் செய்யப்போகிற அதே வெயிலில். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

போர்டு பெயிண்டர் | திங்கள், காலை 8:02

டூத் பிரஷ் சரி. நான் சாக்குத் துணியில் ஒற்றி எடுப்பேன். சணல் நெசவு கருங்கல் புள்ளி மாதிரியே விழும். இரண்டையும் ஒரு துண்டில் செய்து பார்த்து எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரர் சொன்ன காய்ந்த பிரஷ் விஷயம் நூற்றுக்கு நூறு.

வட்டெழுத்து | திங்கள், காலை 10:20

கல்வெட்டு படிக்கிற பழக்கம் உள்ளவன், வேலை வேறு. கல்லில் எழுத்து போடப் போகிறீர்களா? போட்டால் என்ன எழுதுகிறீர்கள்?

மாந்தோப்பு | திங்கள், பகல் 1:10

"வீரன் கல்" என்று பெரிதாகப் போடலாம் என்றிருந்தோம் சார். கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுத்து ஸ்டென்சில்கூட வெட்டியாச்சு.

கிண்டல் மன்னன் | திங்கள், பகல் 1:12

கீழே க்யூஆர் கோடும் வைத்துவிடுங்கள்.

வட்டெழுத்து | திங்கள், மாலை 6:45

ஸ்டென்சிலை எடுத்து வைத்துவிடுங்கள் தம்பி. நம் பக்கத்து நடுகற்களில் பழையவை, பல்லவ அரசர்கள் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்தவை, வட்டெழுத்து என்கிற வளைவான பழைய தமிழ் எழுத்தில்தான் இருக்கின்றன. வாசகமும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. "கோவிசைய" என்று தொடங்கும், அரசன் பெயர், அவனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தச் சண்டை, கடைசியில் "பட்டான் கல்". பட்டான் என்றால் வீழ்ந்தான். சண்டை பெரும்பாலும் தொறு, அதாவது மாட்டு மந்தை. மந்தையைக் கவர வந்தவனோ மீட்கப் போனவனோ, யார் விழுந்தாலும் கல் நட்டார்கள்.

இல்லாத அரசனையும் ஆண்டையும் கற்பனையாக எழுத வேண்டாம். படத்தைப் பார்த்துவிட்டு நாளை யாராவது நிஜம் என்று பகிர்வார்கள், நான்தான் போய் மறுக்க வேண்டியிருக்கும். நாலு வரி எழுத்து போடுங்கள், அதில் மூன்றைத் தேய்த்துவிடுங்கள். "தொறு", "பட்டான் கல்" இரண்டு மட்டும் படிக்கக் கிடைத்தால் போதும். வரிகள் நேராக இருக்க வேண்டாம். மெய்யெழுத்துக்கு மேல் புள்ளியும் பெரும்பாலும் இருக்காது.

உருவத்தில் வலக்கையில் வாள், இடக்கையில் வில், கால்கள் நடக்கிற வாக்கில், தலையில் பக்கவாட்டுக் கொண்டை. மார்பிலோ தொடையிலோ அம்பு தைத்திருக்கும். காலடியில் கெண்டி செதுக்குவதும் உண்டு. செதுக்கல் ஆழமாக இருக்காது, பலகைக் கல்லின் மேல் லேசாக எழும்பிய உருவம். தர்மபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் இருக்கின்றன. ஒரு மதியம் போய் நின்று பாருங்கள், இணையத்துப் படத்தில் கனம் தெரியாது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு கல் உண்டு, மகேந்திரவர்மன் காலம். எஜமான் விழுந்த இடத்தில் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் பெயர் சொல்லிச் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று பெயர். அந்த நாய்க்காகவே ஒரு குறும்படம் எடுக்கலாம்.

நிஜக் கல்லைத் தேடிப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸால் தேய்ப்பது, எண்ணெய் பூசுவது, கம்பியால் சுரண்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

மூணாவது அசிஸ்டென்ட் | திங்கள், இரவு 11:30

எழுத்துக்கு ஒரு குறுக்கு வழி. தெர்மாகோலில் செதுக்காதீர்கள், துணியும் புட்டியும் அடைத்துவிடும். இரண்டாவது கோட் புட்டி பாதி காய்ந்து, விரல் வைத்தால் ஒட்டாமல் பதிகிற பக்குவம் வரும். அப்போது மழுங்கின ஆணியால் கீறுங்கள். கீறின ஓரத்தில் எழும்புகிற பிசிறை ஈர ஸ்பாஞ்சால் ஒருமுறை நீவினால் தேய்ந்த எழுத்து தயார். பக்குவம் கால் மணி நேரம்தான் இருக்கும். எழுதுகிறவர் முன்னாடியே பேப்பரில் பழகியிருக்க வேண்டும்.

உருவத்துக்கும் இதே கதை. சார் சொன்ன மாதிரி நிஜக் கல்லில் ஆழம் குறைவு. ஆனால் நீங்கள் தெர்மாகோலில் அதைப்போல இரண்டு மடங்கு ஆழம் வெட்டினால்தான் பூச்செல்லாம் முடிந்து அந்த அளவு மிஞ்சும்.

ஓசூர் கேமரா | செவ்வாய், காலை 6:50

கேமரா பக்கத்திலிருந்து ஒரே பாயின்ட். இவ்வளவு பாடுபட்டுச் செதுக்கிவிட்டுப் பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்தால் எல்லாம் தட்டையாகிவிடும். காலை ஏழு, இல்லை மாலை ஐந்து. வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வர வேண்டும்.

பெயிண்ட் மேட் ஃபினிஷ் மட்டும். ஷைன் வகை வாங்கினால் பிளாஸ்டிக் குடம் மாதிரி பளபளக்கும்.

வட்டெழுத்து | செவ்வாய், காலை 9:05

கல்வெட்டு படிக்கிறவர்களும் இதைத்தான் செய்வோம். பகலில் ஒன்றும் தெரியாத கல்லில், இருட்டின பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழுந்து வரும்.

மத்தளக்காரன் | செவ்வாய், மாலை 4:30

தெருக்கூத்து ஜமாவில் மத்தளம் வாசிக்கிறேன், பாலக்கோடு பக்கம். எங்கள் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கினது. அதுதான் கனம் இல்லாமல் இருக்கும், விடிய விடிய ஆட வேண்டுமே. மேலே கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டியிருப்போம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கடைசி வரிசையில் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவருக்கும் துரியோதனன் வந்துவிட்டான் என்று தெரிய வேண்டும், அதற்காக.

ஒரு தடவை படம் எடுக்க வந்த பசங்கள் எங்கள் வாளைக் கடன் வாங்கிப் போனார்கள். போட்டுக் காட்டியபோது பார்த்தேன், ஜிகினாப் பேப்பரின் சுருக்கம்கூடத் தெரிந்தது. கூத்துச் சாமானைத் தூரத்துக்குச் செய்கிறோம், உங்கள் கேமரா ஒரு சாண் கிட்டே வந்து மோந்து பார்க்கிறது. அதனால் வாள் கடன் கேட்காதீர்கள், நீங்களே செய்துகொள்ளுங்கள். தரமாட்டேன் என்பதற்காகச் சொல்லவில்லை!

வட்டெழுத்து | செவ்வாய், மாலை 5:00

வாளைத் தங்கக் கைப்பிடி வைத்து ராஜா வாளாக்க வேண்டாம். இது மாடு மீட்கப் போனவன் வாள், இரும்பு. நம் மாவட்டத்தில் இரும்புக்குப் பஞ்சமே இருந்ததில்லை. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022ல் அறிவித்தது நினைவிருக்கும்.

மூணாவது அசிஸ்டென்ட் | செவ்வாய், இரவு 10:10

இரும்புக்கு சில்வர் பெயிண்ட் வாங்காதீர்கள், எவர்சில்வர் கரண்டி மாதிரி இருக்கும். ஆறு மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் வெட்டி, உப்புத்தாள் போட்டு, மேட் கறுப்பு அடியுங்கள். (மரத்துக்கு ஸ்ப்ரே அடிக்கலாம், பயம் இல்லை.) நன்றாகக் காய்ந்த பிறகு 6பி பென்சிலின் உள்ளே இருக்கிற கறுப்புக் குச்சியைப் பொடி செய்து விரலால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுங்கள். விளிம்பில் கூடுதலாக. கறுப்புக்குள்ளிருந்து இரும்பின் மங்கல் மினுக்கம் வரும். துருவுக்குத் தரை போடுகிற ரெட் ஆக்சைடு பொடியை ஃபெவிகால் தண்ணீரில் கலந்து, கைப்பிடி ஓரத்திலும் பள்ளத்திலும் மட்டும். வாள் முழுக்கத் துரு பூசுகிற ஆசை எல்லாருக்கும் வரும். தினமும் கையில் பிடிக்கிற வாளில் துரு எப்படி வரும்?

சண்டை என்றால் இதே அளவில் ஃபோம் ஷீட்டில் இன்னொன்று வேண்டும். மரமானாலும் மண்டையில் பட்டால் மண்டைதான் உடையும்.

பென்னாகரம் அக்கா | புதன், காலை 5:55

கெண்டியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் கண்காட்சிக்கு மாடல் செய்து செய்து கை பழகிப்போன ஆள் நான். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் சின்ன மண் கலயம் ஒன்று வாங்குங்கள். மூக்கை மட்டும் காகிதக் கூழில் செய்து ஒட்டினால் போதும். பழைய பேப்பரை ஒரு நாள் ஊறவைத்து, ஊறின வெந்தயத்தோடு சேர்த்து அரையுங்கள். எங்கள் அம்மா இப்படித்தான் கூடை செய்வார், வெந்தயத்தின் வழவழப்பே பசை. காய மூன்று நாள் ஆகும். அதற்குமேல் செம்மண்ணை ஃபெவிகால் தண்ணீரில் குழைத்துப் பூசினால் கலயத்தோடு நிறம் சேர்ந்துவிடும். மிக்ஸியில் அரைக்காதீர்கள் தம்பி, ஹாஸ்டல் மிக்ஸி என்றால் அப்புறம் சட்னி முழுக்க தினசரிச் செய்தி.

மாந்தோப்பு | வெள்ளி, இரவு 8:20

எல்லாருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன்.

துணி ஒட்டியாச்சு. வேட்டி எங்கள் டைரக்டருடைய அப்பாவினுடையது, அவருக்கு இன்னும் தெரியாது. புட்டி முதல் கோட் காய்ந்தும் பார்க்க வீட்டுச் சுவர் மாதிரியே இருந்தது, வழுவழு என்று. அப்போது எங்கள் சவுண்ட் பையன் ஒரு யோசனை சொன்னான். அவன் அப்பா பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை செய்கிறார். அங்கே கல் அறுக்கும்போது தண்ணீரோடு வழிகிற சேறு காய்ந்து மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதாம். அரை மூட்டை கொண்டுவந்தான். சலித்து, இரண்டு பங்கு புட்டிக்கு ஒரு பங்கு தூள், கொஞ்சம் ஃபெவிகால் சேர்த்து இரண்டாவது கோட்டாகப் பூசினோம். கையால் தடவினால் சொரசொரப்பு, அப்படியே கல். நிறமும் பாதி தானாகவே வந்துவிட்டது. பட்டான் கல் என்று நானே ஆணியால் எழுதினேன். "ட்" சரியாக வரவில்லை, அதைத் தேய்த்துவிட்டேன் சார்.

எடைதான் பிரச்சினை. ஆறு கிலோகூட இல்லை. ரிகர்சலில் நாலு பேர் முக்கி முனகித் தூக்குகிறார்கள், பார்க்க சிரிப்பு வருகிறது.

மூணாவது அசிஸ்டென்ட் | வெள்ளி, இரவு 8:45

கிரானைட் தூள் அருமை, இதை நான் திருடிக்கொள்கிறேன். ஆனால் சலிக்கும்போது மாஸ்க் கட்டாயம், கல் தூசி நுரையீரலில் தங்கிவிடும். சலித்த இடத்தைத் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள்.

எடைக்கு: பின்பக்கம் குடைந்து இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஆறை உள்ளே வைத்து மூடுங்கள். பன்னிரண்டு கிலோ கூடும். முனகச் சொல்லிக் கொடுக்க வேண்டாம், தோள் தானாகவே இறங்கும். சாய்க்கிற சீன் முடிந்ததும் பாட்டிலை எடுத்துவிடலாம்.

போர்டு பெயிண்டர் | வெள்ளி, இரவு 9:15

அந்தப் பாட்டில் இருக்கட்டும், நான் சொன்ன பெயிண்ட் பாட்டிலை எடுத்து வைத்தீர்களா?

வட்டெழுத்து | சனி, காலை 7:40

தாத்தா கும்பிடுகிற காட்சிக்கு ஒன்று. அதியமான் நெடுமான் அஞ்சி நம் தகடூர்க்காரன், அதாவது இன்றைய தர்மபுரி. அவன் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 232ஆம் பாட்டு. நடுகல்லுக்கு மயில் பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள் படைப்பது அதில் வருகிறது. உங்கள் தாத்தா எலுமிச்சம்பழம் வைப்பதற்குப் பதில் ஒரு பீலியைச் செருகிவிட்டுப் போனால், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மாந்தோப்பு | வியாழன், இரவு 11:05

ஒரு சிக்கல். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று முதல் நாள் ஷூட். சாயங்காலம் ஐந்து மணி வெயிலில் வைட் ஷாட் எல்லாம் எடுத்தோம். மானிட்டரில் பார்த்தபோது எனக்கே அது கல்தான். மாம்பூ உதிர்ந்து கல் தலையில் விழுந்திருந்தது, நாங்கள் வைக்கவில்லை. இருட்டிவிட்டது. மறுநாளும் அதே இடம் என்பதால் கல்லைப் பிடுங்கவில்லை, அடியில் மண் அணைத்துவிட்டுக் கிளம்பினோம்.

இன்று காலை ஆறரைக்குப் போனால் கல்லுக்கு மஞ்சள் பூசி, மூன்று இடத்தில் குங்குமம். கழுத்தில் அரளிப்பூச் சரம். முன்னால் உடைத்த தேங்காய் மூடி இரண்டு. அடியில் வெற்றிலை மேல் கற்பூரம் ஏற்றியிருக்கிறார்கள். மண்ணுக்குள் போகிற பகுதி என்று அங்கே நாங்கள் புட்டி பூசவில்லை. பனியில் மண் சரிந்திருக்கிறது, சூடு நேராகத் தெர்மாகோலில் பட்டு எலுமிச்சம்பழ அளவுக்குக் குழி. நல்லவேளை, தீ பிடிக்கவில்லை.

எங்கள் டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். நேற்று எடுத்த ஷாட்டில் பொட்டு இல்லை, இன்றைக்கு எடுக்க வேண்டிய க்ளோஸப்பும் பொட்டு இல்லாமல்தான். ஈரத் துணியால் ஓர் ஓரத்தில் துடைத்துப் பார்த்தோம். குங்குமம் கொஞ்சம் போகிறது, மஞ்சள் பரவுகிறது. ஷூட்டை நிறுத்திவிட்டோம். பெயிண்ட் பாட்டில் இருக்கிறதண்ணா, எடுத்து வைத்தோம். ஆனால் அதை அடிக்கவும் கை வரவில்லை. யாரோ கும்பிட்டிருக்கிறார்கள்.

கிண்டல் மன்னன் | வியாழன், இரவு 11:11

கிண்டல் பண்ணலாம் என்றுதான் வந்தேன். இதில் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. பெயிண்ட் நல்லா அடித்திருக்கிறீர்கள்.

போர்டு பெயிண்டர் | வியாழன், இரவு 11:25

துடைக்கிறதை உடனே நிறுத்துங்கள். மேட் எமல்ஷன் மஞ்சளைக் குடித்துவிடும், துடைக்கத் துடைக்க உள்ளே இறங்கும். மஞ்சள் பட்ட இடத்தில் மட்டும் ப்ரைமர் ஒரு கோட் ஒற்றி, காய்ந்ததும் பாட்டில் பெயிண்டை ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். பிரஷால் இழுக்காதீர்கள், ஒட்டுப் போட்டது தெரியும். பிறகு கறுப்புத் தண்ணீர், காய்ந்த பிரஷ், டூத் பிரஷ், எல்லாம் முதலிலிருந்து. மூன்று மணி நேர வேலை. செய்வதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூணாவது அசிஸ்டென்ட் | வெள்ளி, காலை 12:20

ஷூட்டிங் வரிசையை மாற்றுங்கள். தாத்தா கும்பிடுகிற சீன் எப்படியும் உண்டு. அதை நாளை காலை முதலில் எடுங்கள், பொட்டு அப்படியே இருக்கட்டும். அதற்குப் பிறகு கதையில் வருகிற எல்லா ஷாட்டிலும் பொட்டு இருக்கலாம். கதையில் அதற்கு முன்னால் வருகிற க்ளோஸப் எத்தனை? இரண்டோ மூன்றோ இருக்கும். அதைக் கடைசி நாள், பெயிண்ட் ஒற்றிய பிறகு எடுங்கள். நீங்கள் அலங்காரம் செய்திருந்தால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது. முதலில் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள், சரம் வாடிவிடும்.

மத்தளக்காரன் | வெள்ளி, காலை 6:10

அதெல்லாம் சரி. யார் வைத்தது என்று கண்டுபிடித்து நேரில் போய்ச் சொல்லுங்கள் முதலில். நாங்கள்கூட வேஷம் கட்டுகிறவரை திரௌபதி என்று கும்பிடுகிற ஊரில்தான் ஆடுகிறோம். ஆட்டம் முடிந்து வேஷத்தைக் கலைக்கிற இடத்துக்கு யாரையும் விடமாட்டோம். ஒரு மறைப்பு கட்டிக்கொண்டுதான் கலைப்போம். நீங்கள் அவர்கள் கண் எதிரே பொட்டுக்கு மேல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள்.

மாந்தோப்பு | சனி, இரவு 9:30

நேற்றே போனோம். தோப்புக்காரர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, மாடு வைத்திருக்கிற ஒரு பாட்டி. சாயங்காலம் மாட்டைப் பிடிக்க வந்தவர் கல்லைப் பார்த்திருக்கிறார். நாங்கள் தயங்கித் தயங்கி, இது காலேஜ் படத்துக்குச் செய்தது பாட்டி, தெர்மாகோல் என்று இழுத்தோம்.

"கல்லு இல்லேன்னு தெரியும் சாமி. தொட்டுப் பாத்தேன், டொக்கு டொக்குன்னுச்சு. அதுக்குன்னு வேடியப்பனாட்டம் நிக்கறதப் பாத்துட்டு பொட்டு வெக்காம எப்புடி வர்றது" என்றார்.

அப்புறம் கற்பூரக் குழியைக் காட்டினோம். ஐயய்யோ என்று அவர்தான் எங்களிடம் மன்னிப்பு கேட்டார். தாத்தாவாக நடிப்பவருக்கு எப்படிப் பொட்டு வைக்க வேண்டும், எந்த விரல், கற்பூரத்தை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது அவர்தான். பீலியும் செருகினோம் சார். அது எதுக்கு, ஔவையார் யாரு என்று பாட்டி கேட்க, எங்கள் டைரக்டர் பாதி பாட்டு சொல்லி மாட்டிக்கொண்டான்.

ப்ரைமர் ஒற்றுகிற வேலையைத் தோப்புக்குள் செய்யவில்லை. ராத்திரி கல்லை ஒரு போர்வையில் சுற்றி டெம்போவில் ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்து செய்தோம். இன்று க்ளோஸப் முடிந்தது. மொத்தச் செலவு 2,310 ரூபாய், வேட்டி சேர்க்காமல்.

மூணாவது அசிஸ்டென்ட் | சனி, இரவு 9:48

பாட்டிக்கு டைட்டில் கார்டில் நன்றி போடுங்கள். ஆர்ட் டிபார்ட்மென்ட் என்று போட்டாலும் தப்பில்லை.

பென்னாகரம் அக்கா | ஞாயிறு, காலை 6:20

எல்லாம் சரி தம்பி, கெண்டி என்ன ஆனது?

மாந்தோப்பு | ஞாயிறு, காலை 9:00

அக்கா, மூக்கு நன்றாக வந்தது. வெந்தய வாசத்துக்கு எலி வந்து மூக்கைத் தின்றுவிட்டது. மூக்கில்லாத பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டாமல் சமாளித்தோம்.

காரிமங்கலம் கேங் | புதன், மாலை 5:15

அண்ணா, நாங்கள் இரண்டாம் வருஷம். அடுத்த மாதம் எங்களுக்கும் ஒரு பீரியட் சீன் இருக்கிறது. அந்தக் கல் இன்னும் இருக்கிறதா? கடன் கிடைக்குமா?

மாந்தோப்பு | புதன், இரவு 10:40

இருக்கிறது. பரண் மேல் துணி போர்த்தி வைத்திருக்கிறேன். ஆளை அனுப்பினால் தருகிறேன். மூன்று விஷயம்: அடியில் கற்பூரக் குழி இருக்கிறது, மண் அணைக்காமல் நிற்க வைக்காதீர்கள். மீதி பெயிண்ட் கால் பாட்டில்தான் இருக்கிறது. ராத்திரி வெளியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.